நம்மட ஊர் ஃபோக் ரொக் பேண்டுக்கு ஒரு 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' போடுறது எப்பிடி: கசெட் தேடுறதுல இருந்து வெளியிடுற வரைக்கும்

போன வருசம் கல்முனையில பஸ்ஸால இறங்கி ஒரு ஓட்டோ பிடிச்சன். தோள்ல கிடந்த பேஸ் கிட்டார் பையக் கண்டுட்டு ஓட்டோக்கார அண்ணன் கேட்டாரு, "தம்பி நீங்க அந்தப் பொலிப் பாட்டு பேண்ட்தானே, அது எந்த சீடில இரிக்கு?" எனக்கெண்டா ஒரே சந்தோசம், சீடிட பேரச் சொன்னன். மனிசன் திரும்பிக்கூடப் பாக்கல்ல. "அது என்னட்ட இரிக்கு தம்பி, அதுல மத்தளம் செத்துப்போய்க் கிடக்கு, திருவிழாவில அடிச்சது வேணும்" எண்டு சொல்லிப்போட்டு வட்சப்புல வந்த ரெண்டு நிமிசத் துண்டு ஒண்டப் போட்டுக் காட்டினாரு. எங்கட பாட்டுதான். ஆனா அந்தப் பதிவ நாங்க வெளியிடவே இல்ல, ஆரு பிடிச்சதெண்டும் எங்களுக்குத் தெரியாது.

அண்டைக்கு ராவு எங்கட மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில குந்தி இருந்து கதைச்சு முடிவெடுத்ததுதான் எங்கட 'பெஸ்ட் ஒஃப்'. மூணு மாசத்தில முடிச்சிரலாம் எண்டு தொடங்கினம், ஒன்பது மாசம் போயிட்டு. அதுக்குப் பொறகு கேக்கிற ஆக்களுக்கெல்லாம் துண்டு துண்டா வொய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போச்சு, அதால முழுக்க இங்க எழுதுறன். மத்தளம், சல்லாரி எண்ட கைத்தாளம், உடுக்கு, றபானோட கிட்டாரும் ட்ரம்ஸும் சேத்து வாசிக்கிற எந்தக் குழுவுக்கும் இது சரிவரும், பேண்டே கலைஞ்சு போனாலும் பிள்ளைகள் இருந்து செய்யலாம்.

1. ஆருக்குப் போடுறயள்?

இத முடிவு பண்ணாமத் தொடங்கினா பாதியில அடிபடுவியள். ஹிட்ஸ் ஆல்பம் எங்கட விசிறிகளுக்கில்ல, அவங்களிட்ட எல்லாப் பாட்டும் எப்பவோ இரிக்கு. எங்கட பேரையே கேள்விப்படாத ஒராள் ஒரே ஒரு ஆல்பம் கேட்டா அது எதா இருக்கோணும், அதுதான் இது. உலகத்தில ஆகக் கூட வித்த ஆல்பங்கள்ல ஒண்டு ஈகிள்ஸ் பேண்ட்ட 1976 தொகுப்பு, பத்தே பத்துப் பாட்டு, அதுவரைக்கும் அவங்க போட்ட நாலு ஆல்பத்தில இருந்து பொறுக்கினது. அவங்கட ஆகப் பெரிய பாட்டெண்டு இண்டைக்கு நம்ம எல்லாரும் நினைக்கிற 'ஹோட்டல் கலிஃபோர்னியா' அதுல இல்ல, அது வந்ததே அந்த வருசக் கடைசியிலதான். அதால "இன்னும் ரெண்டு ஆல்பம் போட்டுட்டுச் செய்வம்" எண்டு தள்ளிப்போட வேணாம். கசெட் காத்திருக்காது, அத நாலாவதுல சொல்லுறன்.

2. பட்டியல்: சண்டை வரும், வரட்டும்

எங்களிட்ட ரெண்டு கசெட், ரெண்டு சீடி, மொத்தம் 41 பாட்டு. அஞ்சு பேரும் தனித்தனியா 15 பாட்டு எழுதிக்கொண்டு வாங்க எண்டு சொன்னன். வந்தத அடுக்கிப் பாத்தா ஒவ்வொருத்தனும் தான் எழுதினதையும் தன்ட தனி வாசிப்பு வாற பாட்டையும்தான் போட்டிரிக்கான், ஐஞ்சு பட்டியல்லயும் பொதுவா இருந்தது நாலே பாட்டு.

அப்பதான் விளங்கிச்சு, ஹிட் எது எண்டு சொல்லுற உரிமை எங்களுக்கில்ல. ஊர்ட்டக் கேக்கோணும். ஆனா பேஸ்புக்ல வோட்டு வெச்சுடாதீங்க, கூட்டாளிமார் எல்லாத்துக்கும் லைக் போடுவாங்க, ஒண்டும் விளங்காது. நாங்க மூணு இடத்தில விசாரிச்சம். ஒண்டு, மேடையில வாசிச்ச பழைய பாட்டுச் சீட்டுகள். ட்ரம்ஸ் அடிக்கிற சின்னவன்ட பெட்டிக்குள்ள எண்ணை பட்டு, மடிச்ச மடிப்பில கிழிஞ்சு ஒரு கட்டுக் கிடந்தது, அதுல 'திருப்பிக் கேட்டது' எண்டு பேனையால வட்டம் போட்ட பாட்டுகள் இருந்திச்சு. ரெண்டாவது, கல்யாண வீட்டுப் பாட்டுக்கு ஆடுற பொடியனுகள். மூணாவதுதான் முக்கியம், லவுட்ஸ்பீக்கர்காரர். கோயில் சடங்குக்கும் பள்ளிவாசல் கந்தூரிக்கும் சவுண்ட் போடுற ஆள், முப்பது வருசமா அதே தொழில். எந்தப் பாட்டப் போட்டா சனம் கச்சான் கொட்டையக் கீழ வெச்சிட்டுத் தலைய நிமித்தும், எந்தப் பாட்டுக்கு ஐஸ்கிறீம் வண்டிக்குப் போகும் எண்டு அவருக்குத்தான் தெரியும். அவர் அரை மணித்தியாலத்தில 41 பாட்டையும் மூணு குவியலாப் பிரிச்சுத் தந்தாரு, நாங்க மூணு கிழமை அடிபட்டது அந்த அரை மணித்தியாலத்தில முடிஞ்சு போச்சு.

ஒரு விதி மட்டும் வெச்சம்: ஆளுக்கு ஒரு பாட்டக் காப்பாத்தலாம், ஊர் வேணாமெண்டாலும். கீபோர்ட் வாசிக்கிற காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மார அப்பிடித்தான் கூப்பிடுறது) ஒரு ஆறு நிமிசத் தாலாட்டக் காப்பாத்தினாரு, அவர்ர உம்மா பாடுற நாட்டார் கவியில இருந்து எடுத்தது. நான் எதிர்த்தன். இப்ப அதுதான் வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் ஆகக் கூடக் கேக்கிற பாட்டு, அத வெச்சு அவர் என்னக் குத்திக்காட்டாத நாளில்ல.

எத்தின பாட்டு? சீடியில 80 நிமிசம் போகும், அதுக்காக நிரப்ப வேணாம். 12, 14 பாட்டு, 55 நிமிசத்துக்குள்ள போதும்.

3. எந்தப் பதிவு?

பாட்ட முடிவு பண்ணின பொறகும் கேள்வி முடியிறதில்ல. ஒரு பாட்டுக்கு ரெண்டு மூணு பதிவு இருக்கும், சரியானத எடுக்கோணும்.

அமெரிக்க ஃபோக் ரொக் சோடி சைமன் அண்ட் கார்ஃபங்கல்ட கதை தெரிஞ்சிருக்கும். 'சவுண்ட் ஒஃப் சைலன்ஸ்' பாட்ட 1964ல வெறும் கிட்டாரோட ஆல்பத்தில போட்டாங்க, ஆல்பம் விக்கல்ல, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. 1965ல தயாரிப்பாளர் டொம் வில்சன் அவங்களுக்குச் சொல்லாமலே அந்தப் பதிவுக்கு மேல எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் எல்லாம் ஏத்தி வெளியிட, 1966 ஜனவரியில அமெரிக்காவில முதலாம் இடம். 1972ல அவங்கட கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் வரக்குள்ள எத எடுத்தாங்க? ட்ரம்ஸ் ஏத்தினத. சனத்துக்குத் தெரிஞ்சது அதுதான். ஆனா அதே ஆல்பத்திலதான் 14 பாட்டில 4 பாட்டு அதுக்கு முன்னம் வெளிவராத மேடைப் பதிவு. அதாவது விதி எண்டு ஒண்டும் இல்ல, ஒவ்வொரு பாட்டையும் தனியாத் தீர்மானிக்கோணும்.

எங்கட பொலிப் பாட்டு அதுக்கு நேர் மறுபக்கம். சூடு மிதிச்சு நெல்லப் பிரிக்கக்குள்ள வட்டையில, அதான் வயல்ல, பாடுற பாட்டு, பாடகர் அவர்ர அப்பாட்டக் கேட்டுப் படிச்சது. 2003ல ஒரு ஸ்டூடியோவில போய்ப் பதிஞ்சம், அங்க மெட்ரோனோம் போட்டு அடிக்கச் சொன்னாங்க. மத்தளக்காரர் கூத்துப் பழக்குற அண்ணாவியார் ஒருத்தர்ர மகன், கூத்துக்களரியில வளர்ந்த ஆள், தாளம் அவருக்குப் பாடுறவன்ட மூச்சோடதான் ஓடும், முடுகுற இடத்தில முடுகும். 'டிக் டிக்' எண்டு காதுக்குள்ள அடிச்சா மனிசன் என்ன செய்வாரு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்கா வாசிச்சாரு. அதுதான் ஓட்டோக்கார அண்ணன் சொன்ன 'செத்துப்போன மத்தளம்'. திருவிழாப் பதிவில ரெண்டாவது சரணத்தில தாளம் முடுகி, ட்ரம்ஸ் தடுமாறி, பொறகு வந்து பிடிக்குது பாருங்க, அந்த இடம்தான் பாட்டு.

பழைய பாட்டத் திரும்பப் புதுசாப் பதிவம் எண்டு ஒருத்தர் கட்டாயம் சொல்லுவார். வேணாம். ஐம்பது வயசில பாடின குரலக் கேட்டுட்டு, இருவத்தஞ்சு வயசுக் குரலத் தேடுற ஆளுக்கு கோவந்தான் வரும்.

4. கசெட் வேட்டை

நம்மட பக்கத்தில இதுதான் ஆகக் கஷ்டம். 1978 சூறாவளியில போனது ஒரு பங்கு, இடம்பெயர்வில போனது ஒரு பங்கு, 2004 டிசம்பர் 26ல கரையோரத்தில இருந்த வீடுகளோட போனது மிச்சம். எங்கட முதல் கசெட்ட மூலப்பிரதி கல்லடிப் பக்கத்துத் திருச்செந்தூர்ல கிட்டார்காரன்ட வீட்டு அலுமாரியில இருந்தது. வீடே இல்ல, அலுமாரிய எங்க தேடுறது. ரெண்டாவது சீடிட மல்டிட்ராக், அதாவது ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக் கிடக்கிற பதிவு, ஒரு ஸ்டூடியோவில இருந்தது, கேட்டா "ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சு போச்சு, அழிச்சிட்டம்" எண்டு ஒரு கவலையும் இல்லாமச் சொல்லுறாங்க. காசு குடுத்து முடிஞ்ச அண்டைக்கே ஃபைலைக் கையோட வாங்கிரோணும் எண்டத அண்டைக்குப் படிச்சன்.

எங்க தேடலாம்:

முதல்ல வெளிநாட்டுச் சொந்தம். சுவிஸுக்கும் கனடாவுக்கும் போன ஆக்கள் ஊர் நினைப்பில கொண்டு போன கசெட், அங்க குளிருக்கும் ஈரமில்லாத காத்துக்கும் நம்மட வீட்டில கிடந்தத விட நல்லா இரிக்கு. எங்கட முதல் கசெட்ட நல்ல கொப்பி சூரிச் பக்கம் ஒரு மாமிட சமையலறை லாச்சியிலதான் கிடைச்சது. பொறகு கல்யாண வீடியோக்காரங்க, திருவிழாவப் பிடிச்சா சத்தமும் சேந்துதானே பதிஞ்சிரிக்கும். கசெட்டில பாட்டுப் பதிஞ்சு குடுக்கிற பழைய ரெக்கோடிங் பார் நடத்தினவங்க. அதோட அந்த லவுட்ஸ்பீக்கர்காரர், ஏனெண்டா ஓட்டோக்காரர்ர துண்டு ஒவ்வொரு கையா மாறி மாறிக் கடைசியில வந்து நிண்டது அவர்ட்டத்தான். மிக்ஸர்ல இருந்து ஒரு வயர் இழுத்து அவர்ர பாட்டுக்குப் பதிஞ்சு வெச்சிரிக்காரு, ஒரு தொண்ணூறு நிமிசக் கசெட், மேல நீல மையில 'மேளம்' எண்டு மட்டும் எழுதிக் கிடந்தது. எங்கட பேண்ட் பேரே இல்ல!

கசெட் கைக்கு வந்த உடன போட்டுக் கேட்டுராதீங்க. கண்ணாடிப் பக்கத்தால பாருங்க, நாடாவில வெள்ளையாப் பூஞ்சணம் பிடிச்சிருந்தா அத ஓட விட்டா நாடாவப் படிக்கிற ஹெட்டும் கெடும் நாடாவும் கெடும், தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்க. நல்லா இருந்தா மேல இரிக்கிற ரெண்டு சின்னப் பிளாஸ்டிக் பல்லையும் உடைச்சு விடுங்க, தவறிப்போயும் மேல பதியாது. ஒருதரம் முழுக்க முன்னுக்கு ஓட்டி, திரும்பப் பின்னுக்கு ஓட்டி, அதுக்குப் பொறகு கேளுங்க.

5. கொம்பியூட்டருக்குள்ள ஏத்துறது

யூஎஸ்பியோட வாற மலிவு வோக்மேன் மாதிரிச் சாமான வாங்க வேணாம், அதுட மோட்டார் ஆடுற ஆட்டத்தில பாடகருக்குத் தொண்டை நடுங்கிறமாதிரி இருக்கும். நல்ல பழைய கசெட் டெக் ஒண்டு தேடுங்க, பெல்ட் மாத்தி எடுங்க. ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரொப்பைல் அல்கஹோல்ல பஞ்சுக் குச்சி தொட்டுத் துடையுங்க, பஞ்சில மண்ணிறம் வராம நிக்கிற வரைக்கும்.

அடுத்தது ஒருத்தரும் சொல்லித்தராதது. ஹெட்டுக்குப் பக்கத்தில ஸ்பிரிங் போட்ட சின்ன ஸ்குரூ ஒண்டு இரிக்கும், ஹெட்ட சரிவ மாத்துறது அதுதான். பதிஞ்ச டெக்ட சரிவும் உங்கட டெக்ட சரிவும் ஒண்டா இல்லாட்டி மேல்ச்சத்தம் எல்லாம் மங்கிப்போகும். கசெட் ஓட ஓட, சத்தத்த மோனோவாக்கிட்டு, சின்ன ஸ்குரூட்ரைவரால மெதுவா, சரியான மெதுவாத் திருப்புங்க. நாங்க காது வெச்சது சல்லாரிக்கு. முதல்ல யாரோ சாக்குக்குள்ள வெச்சுத் தட்டுறமாதிரி இருந்தது, கால்வாசி சுத்துக்கும் குறைவாத் திருப்பக்குள்ள திடீரெண்டு 'சிங்' எண்டு விரிஞ்சிச்சு பாருங்க, காக்கா கதிரையில இருந்து எழும்பிட்டாரு. திருப்ப முதல் பழைய இடத்த மார்க்கரால குறிச்சு வையுங்க.

பதியிறதுக்கு ஓடாசிட்டி போதும், சும்மா கிடைக்குது. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் ஃபைல். சத்தம் உச்சத்தில மைனஸ் 6 டெசிபலுக்கு மேல போகாமப் பாருங்க, மத்தளம் ஒரு அடியில மேல பாயும். இரைச்சல் குறைக்கிறது, அழகுபடுத்துறது எல்லாம் பொறகு, பச்சையா ஏத்தினது ஒண்டு கட்டாயம் இருக்கோணும். மூணு கொப்பி எடுத்து ஒண்ட கரையில இருந்து தூரமா வையுங்க, எங்கட ஒண்டு அம்பாறையில மச்சான் வீட்டில கிடக்கு.

இனி வேகம். கசெட் பதிஞ்ச டெக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஓடியிருந்தா பாட்டுட சுருதியே மாறியிருக்கும். இதுக்கு ஒரு தந்திரம் இரிக்கு. நம்மட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், பழைய பதிவுகள்ல அந்த இரைச்சலும் சேந்து பதிஞ்சிருக்கும். எந்த ஹேர்ட்ஸ்ல எவ்வளவு சத்தமெண்டு காட்டுற ஸ்பெக்ட்ரம் படத்தப் பாத்தா அடியில ஒரு கோடு மாதிரித் தெரியும், அது 50ல இல்லாம 51.5ல நிண்டா டேப் 3 வீதம் வேகமா ஓடுது எண்டு அர்த்தம், அதாவது பாட்டுட சுருதி கிட்டத்தட்ட அரை செமிடோன் ஏறிக்கிடக்கு. உங்கட டெக்ட சொந்த இரைச்சலும் 50ல இன்னொரு கோடாத் தெரியும், ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதீங்க. இத வெச்சு நாலு பாட்டச் சரியாக்கினன், மாமிட கசெட்ல இருந்து எடுத்தது எல்லாம்.

அதே உசார்ல திருவிழாப் பதிவையும் திருத்தினன், பாடகர் கேட்டுட்டு "இது நானில்ல, என்ட தம்பி" எண்டாரு. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ரெண்டு நாளுக்குப் பொறகு குளிக்கக்குள்ளதான் மண்டையில பட்டுது: அண்டைக்கு கோயில்ல கரண்ட் இல்ல, ஜெனரேட்டர்! பாரம் ஏற இறங்க அதுட ஹேர்ட்ஸும் ஆடும், அத அளவுகோலா எடுக்க ஏலாது. கடைசியில கீபோர்ட் வாற ஒரு இடத்தப் பிடிச்சம், கீபோர்ட்ட சுருதிய ஆரும் மாத்தாட்டி அது 440 ஹேர்ட்ஸ் அளவிலதான் நிக்கும், அத வெச்சு இழுத்துச் சரியாக்கினது. ஆனா கீபோர்டே இல்லாத கூத்துப் பதிவ 440க்கு இழுக்கப் போகாதீங்க, அங்க சுருதி அண்ணாவியார்ர தொண்டை சொல்லுறதுதான்.

6. பாட்டு ஆர்ர?

ஃபோக் ரொக்குக்காரன் எல்லாரும் வழுக்கி விழுற இடம். 'நாட்டார் பாடல்' எண்டு போட்டுட்டுப் போயிருவம், இசை எண்டு எங்கட பேர் போடுவம்.

சைமன் அண்ட் கார்ஃபங்கல்ட அந்த 1972 ஆல்பத்திலயே 'ஸ்கார்பரோ ஃபெயார்' இரிக்கு, இங்கிலாந்துப் பழைய நாட்டார் பாட்டு. மார்ட்டின் கார்த்தி எண்ட ஆங்கிலேயப் பாடகர் கிட்டாரில அமைச்சு வாசிச்சத போல் சைமன் லண்டன்ல கேட்டுப் படிச்சது, ரெக்கோட்ல கார்த்தி பேரே வரல்ல. அந்த மனக்கசப்பு எத்தினையோ வருசம் இழுபட்டு, 2000ல லண்டன்ல ரெண்டு பேரும் ஒரே மேடையில அதே பாட்டப் பாடித்தான் தீர்ந்தது. நம்மட ஊர்ல இது நடந்தா மேடை வரைக்கும் போகாது, சடங்குக்குப் போற வழியிலேயே முடிஞ்சிரும்.

சட்டப்படி பாத்தா, இலங்கையில 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். எழுதினவர், இசையமைச்சவர்ர உரிமை அவங்க செத்து 70 வருசம் வரைக்கும், ஒலிப்பதிவுக்கு 50 வருசம். நாட்டார் வழக்குக்கு தனியா 24ம் பிரிவு இரிக்கு: அடையாளம் காணக்கூடிய நாட்டார் பாட்டப் பாவிச்சா அது எந்தச் சமூகத்தில, எந்த இடத்தில இருந்து வந்ததெண்டு குறிப்பிடோணும். வியாபாரத்துக்கெண்டா அனுமதி, கட்டணம் எண்டும் அதில இரிக்கு, அதால விக்கிறதுக்கு முன்னம் ஒரு சட்டத்தரணியிட்டக் கதைச்சிருங்க.

நாங்க செஞ்சது, ஒவ்வொரு பாட்டுக்கும் நேர போய்க் கேட்டது. கரவலை இழுக்கிற அம்பாப் பாட்டு எந்தக் கரையில கேட்டதெண்டு கிட்டார்காரனுக்கு நினைவில்ல, மீன்காரர்ர மூணு வாடி ஏறி இறங்கினம். படுவான்கரையில ஒரு அண்ணாவியார் எங்கட வரவுப் பாட்ட, கூத்தில ஆள் களரிக்கு வரக்குள்ள பாடுறத, கேட்டுட்டு "ராசா வரவுக்குப் பாடுறத மந்திரி வரவுத் தாளத்தில அடிச்சிரிக்கயள்" எண்டு சிரிச்சாரு, இருவது வருசமா மேடையில அப்பிடித்தான் அடிச்சம், ஒருத்தரும் சொல்லல்ல. அதையும் புத்தகத்தில அப்பிடியே எழுதினம்.

பேண்டுக்குள்ளயும் எழுத்தில வேணும். விலகிப்போனவங்க, வெளிநாட்டில இருக்கிறவங்க, செத்துப்போன ஆக்கள்ர வீட்டுக்காரங்க எல்லாரிட்டயும் ஒரு பக்கக் கடிதம்: எந்தப் பாட்டு, எந்தப் பதிவு, எங்க எங்க வெளிவரும், வாற காசில ஆருக்கு எத்தின பங்கு, ஆரு கணக்குப் பாக்கிறது. கூட்டாளிதானே எண்டு விட்டா காசு வராத வரைக்கும் கூட்டாளி.

7. வரிசை

வருச ஒழுங்கில அடுக்கினா ஆராய்ச்சிக்கு நல்லம், கேக்கிறதுக்கு சலிக்கும். நாங்க கூத்துட ஒழுங்கப் பிடிச்சம். முதல் காப்பு மாதிரி ஒரு நிமிசம் வெறும் மத்தளமும் சல்லாரியும், பொறகு வரவு, அதில இருந்து கதை ஏறும், நடுச்சாமத்தில கொஞ்சம் சிரிப்புக்கு பறங்கியர் கஃப்ரிஞ்ஞா தாளத்தில ஒரு பாட்டு, விடியக்குள்ள தாலாட்டு, கடைசியா வாழி. ஒரே தாளத்தில மூணு பாட்டு அடுத்தடுத்து வராமப் பாருங்க. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில ரெண்டு செக்கன் எண்டு கொம்பியூட்டர் போடும், அத நம்பாம ஒவ்வொண்டையும் காதால கேட்டு வையுங்க.

8. மாஸ்டரிங்

14 பாட்டு, நாலு காலம், மூணு விதமான பதிவு. எல்லாத்தையும் ஒரே ஆல்பம் மாதிரிக் கேக்கப்பண்ணுறதுதான் வேலை, எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிறதில்ல. ஆக மோசமான பதிவத்தான் முதல்ல கையில எடுங்க, அத எவ்வளவு தூக்க ஏலுமோ தூக்கிட்டு மத்ததுகள அதுக்குக் கிட்டக் கொண்டு வாங்க. ஸ்பொட்டிஃபை மாதிரி இடங்கள் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேக்கிற சத்தத்திட அளவு) அளவுக்குத்தான் சத்தத்தச் சமப்படுத்துது, அதால நசுக்கி நசுக்கிச் சத்தம் கூட்டினா மிச்சம் ஒண்டுமில்ல, மத்தளத்திட அடி செத்ததுதான் மிச்சம். உச்சம் மைனஸ் 1 டெசிபல்ல நிக்கட்டும். கரண்ட் இரைச்சலுக்கு 50, 100, 150ல ஊசி மாதிரி ஒடுக்கமா வெட்டுங்க, அகலமா வெட்டினா பேஸ் கிட்டார் போயிரும், எனக்கெண்டா அது சொந்தப் பிரச்சினை.

கேட்டுப் பாக்கிறது நல்ல ஸ்பீக்கர்ல மட்டும் போதாது. போன்ல, ஓட்டோவில, பஸ்ல, கோயில் கூம்பு ஸ்பீக்கர்ல. லவுட்ஸ்பீக்கர்காரர்ட்ட பொலிப் பாட்டக் கொண்டு போய்க் குடுத்தம், நான் ரெண்டு கிழமை இருந்து துடைச்சுத் துடைச்சு எடுத்தது, ஒரு இரைச்சல் இல்ல. மனிசன் கூம்பில போட்டுட்டு கைய இடுப்பில வெச்சிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாரு. "நல்லாத்தான் இரிக்கு தம்பி" எண்டாரு. பொறகு, "ஜெனரேட்டர் எங்க?" திரும்பி வந்து முக்கால்வாசி இரைச்சலத் திருப்பிப் போட்டன். போட்ட உடன மத்தளமும் வந்திச்சு, அந்த அடி அவ்வளவு நாளும் நான் இரைச்சலோட சேத்துத்தான் வெட்டி எறிஞ்சிரிக்கன்.

9. அட்டையும் புத்தகமும்

அட்டைக்கு மட்டக்களப்பில எல்லாரும் பாடுமீனும் கல்லடிப் பாலமும் போடுவாங்க. நாங்களும் போட்டுப் பாத்தம், நகரசபைக் கலண்டர் மாதிரி இருந்திச்சு, விட்டுட்டம். அந்த 'மேளம்' எண்டு எழுதின கசெட்டையே கிட்ட வெச்சுப் படம் பிடிச்சு அட்டையாக்கினம். சதுரமா 3000க்கு 3000 பிக்சல் இருந்தா எல்லா இடத்துக்கும் போதும்.

புத்தகத்தில ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த வருசம், எங்க பதிஞ்சது, ஆரு என்ன வாசிச்சது, பாட்டு எந்த ஊர்ல இருந்து வந்தது, முழு வரி. பாட்டு வரியில நம்மட பேச்ச எழுத்துத் தமிழாத் திருத்தாதீங்க, 'இரிக்கு' எண்டு பாடினத 'இருக்கிறது' எண்டு அச்சடிச்சா தாளமே இடிக்கும். பேண்ட் பேர ஆங்கில எழுத்தில ஒரே மாதிரி எழுதுங்க, பழைய சீடியில ஒரு மாதிரி இப்ப வேற மாதிரி எழுதினா ரெண்டு பேண்டாப் பிரிச்சுப் போட்டுருவாங்க, எங்களுக்கு நடந்தது.

10. வெளியிடுறது

ஸ்பொட்டிஃபை நம்மட நாட்டுக்கு 2021லதான் வந்தது. நேரடியாப் போட ஏலாது, விநியோகஸ்தர் ஒருத்தர் மூலம்தான், வருசக் கட்டணமா அல்லது பங்கு எடுப்பாங்களா எண்டு பாத்து எடுங்க. ஒவ்வொரு பதிவுக்கும் அத அடையாளம் காட்டுற 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி இலக்கம் வரும். முந்தி வெளியிட்ட அதே பதிவெண்டா பழைய இலக்கத்தையே குடுங்க, புதுசு எடுத்தா பழைய எண்ணிக்கை சேராது. காசு பெரிசா எதிர்பாக்காதீங்க, 2024ல இருந்து 12 மாசத்தில 1000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை ஒண்டும் குடுக்கிறதில்ல. யூடியூப்ல கொன்டென்ட் ஐடி, அதாவது உங்கட பாட்டு வாற வீடியோவத் தானாப் பிடிக்கிற முறை, போடுவமா எண்டு கேப்பாங்க, நாட்டார் பாட்டுக்கு வேணாமெண்டு சொல்லுங்க, இல்லாட்டி அதே மெட்ட வட்டையில பாடிப் போட்ட கிழவன்ட வீடியோவுக்கு உங்கட பேர்ல உரிமைப் பிரச்சினை போகும்.

நேரம் பாத்து விடுங்க. கார்த்திகை மார்கழி மழைக்குள்ள எவனும் பாட்டுக் கேக்கிற நிலையில இல்ல. பெரும்போக வெள்ளாமை வெட்டி, சனத்திட கையில நாலு காசு புழங்கக்குள்ள விட்டம், அப்பதான் கோயில் வேலைகளும் தொடங்கும்.

சீடி 200 அடிச்சம், பென் டிரைவ் 100 போட்டம். பென் டிரைவ் மூணு கிழமையில முடிஞ்சிட்டு, வேனுக்கும் ஓட்டோவுக்கும் அதுதான் சரி. சீடி நூறுக்கு மேல இன்னும் எங்கட வீட்டு அலுமாரியில கிடக்கு, அம்மா சீலை வைக்க இடமில்லையெண்டு ஏசுறா. முதல் பென் டிரைவ கல்முனை ஓட்டோக்கார அண்ணனுக்குத்தான் குடுக்கிறதெண்டு வெச்சிருந்தன், ரெண்டு தரம் போயும் ஆளக் காணல்ல, அது இன்னும் என்ட கிட்டார் பைக்குள்ள கிடக்கு.